இதுகூடத் தெரியாதா?

'இது தெரியாதா?' என்பது கேள்வி. 'இதுகூடத் தெரியாதா?' என்பது தீர்ப்பு. நடுவில் நுழைந்த அந்தக் 'கூட', எதிரில் நிற்பவரையும் அவர் படித்த பள்ளியையும் பாடம் சொன்னவர்களையும் ஒரே மூச்சில் கூண்டில் ஏற்றிவிடுகிறது. ஒருவருக்கு ஒரு நாட்டின் தலைநகரம் தெரியவில்லை. நிலா ஏன் தேய்கிறது என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப் போர் எந்த ஆண்டு முடிந்தது என்றால் விழிக்கிறார். படிப்பு சரியில்லை என்று உடனே நமக்குள் முடிவாகிவிடுகிறது. இந்த முடிவு பாதி உண்மையாக இருப்பதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம்.

இந்தத் தீர்ப்பை அச்சடித்துக் கையில் கொடுத்தவர் தாமஸ் எடிசன். கல்லூரிப் பட்டதாரிகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. வேலை கேட்டு வந்தவர்களிடம் ஏறத்தாழ 150 கேள்விகள் கொண்ட தாளை நீட்டினார். 1921 மே மாதம் அந்தக் கேள்விகள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பிரான்சை ஒட்டியுள்ள நாடுகள் எவை, வோல்கா ஆறு எங்கே ஓடுகிறது, மடக்கையைக் கண்டுபிடித்தவர் யார், ஆஸ்திரேலியா கிரீன்லாந்தைவிடப் பெரிதா, சலவை இயந்திரத் தயாரிப்பில் அமெரிக்காவில் முந்தி நிற்கும் நகரம் எது என்று பட்டியல் நீளும். அதே மாதம் பாஸ்டனுக்கு வந்திருந்த ஆல்பர்ட் ஐன்ஸ்டைனிடம் அதில் ஒன்றைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? நினைவில் இல்லை என்றார். புத்தகத்தைத் திறந்தால் கிடைக்கிற தகவலை மனத்தில் சுமந்து திரிவதில்லை என்பது அவருடைய பதிலின் சாரம். 1921-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு பின்னர் அவருக்குத்தான் வழங்கப்பட்டது.

மனப்பாடக் கல்வியைச் சாடுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது. ஆனால் ஐன்ஸ்டைனின் 'தெரியாது'க்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடம் நின்றது. ஒலி என்பது என்ன, அதன் வேகம் எதைப் பொறுத்து மாறும், எந்தப் புத்தகத்தில் தேடுவது, கிடைத்த எண் நம்பத்தக்கதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காணாமல் போயிருந்தது ஒரு செங்கல். ஒலிக்கு வேகம் என்று ஒன்று உண்டு என்றே யோசித்திராத ஒருவர் அதே 'தெரியாது' என்ற சொல்லைச் சொல்லும்போது அங்கே சுவரே இல்லை. கேட்பவரின் காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். வேறுபாடு அடுத்த கேள்வியில்தான் வெளிப்படும். நாமோ முதல் பதிலைக் கேட்டவுடனே எழுந்து போய்விடுகிறோம்.

தூணும் தோரணமும்

எடிசனின் தாளிலிருந்தே இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். சலவை இயந்திர நகரம் எது என்பது வெறும் தோரணம். தெரிந்தால் அழகு, கழன்று விழுந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்திரேலியாவா கிரீன்லாந்தா என்ற கேள்வி அப்படிப்பட்டதல்ல. ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுர கி.மீ.; கிரீன்லாந்து 22 லட்சத்தை எட்டவில்லை. மூன்றரை மடங்கு வேறுபாடு. ஆனாலும் 'கிரீன்லாந்து' என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அவர் தட்டையான வரைபடத்தை உலகம் என்று நம்பி வளர்ந்திருக்கிறார் என்று பொருள். அந்த வரைபடங்களில் பலவற்றுக்கும் மூலமான, வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் 1569-இல் வரைந்த முறை மாலுமிகளுக்கானது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகும் பாதை அதில் நேர்கோடாக அமையும். அதற்குக் கொடுத்த விலை பரப்பளவு. நிலநடுக்கோட்டிலிருந்து 60 பாகையில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் ஊதிவிடும். 75 பாகையில் பரப்பு 15 மடங்கு. கிரீன்லாந்து 60-க்கும் 83-க்கும் இடையில் கிடக்கிறது. உருண்டையைக் கசங்காமல் தட்டையாக்க முடியாது என்ற ஒன்று தெரிந்தவர், இரண்டு பரப்பளவுகளையும் அறியாவிட்டாலும், 'வரைபடத்தில் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் வடக்கே இருப்பதால் சந்தேகமாக இருக்கிறது' என்பார். எனக்கு அது முழு மதிப்பெண் பதில்.

ஒரு தகவல் தூணா தோரணமா என்று பார்க்க, அதை உருவினால் வேறு எவையெல்லாம் சரியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் பரவுகின்றன என்பதை உருவினால் கை கழுவுவது, நீரைக் காய்ச்சுவது, தடுப்பூசி என்று எல்லாமே வெறும் சடங்காகிவிடும். கஜகஸ்தானின் தலைநகரை உருவினால் ஒன்றும் சரியாது. அதிலும் அந்தத் தலைநகரம் 1997-இல் அல்மாட்டியிலிருந்து அக்மோலாவுக்குப் போனது. அந்த ஊர் 1998-இல் அஸ்தானா ஆனது, 2019-இல் நூர்-சுல்தான் ஆனது, 2022-இல் மறுபடியும் அஸ்தானா ஆனது. 2020-இல் ஒழுங்காகப் படித்த ஒருவர் இன்று தவறான விடை சொல்வார். அறிவியலிலும் இது நடக்கும். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் சொல்லிவந்தன. 46 என்று 1956-இல்தான் உறுதியானது. எனவே ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால், அவர் அதை எந்தக் காலத்தில் கற்றார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எவருடைய தோரணம் என்பது இன்னொரு சிக்கல். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான தாளில் பொது அறிவுப் பகுதி ஒன்று இருந்தது. கிறிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிறிஸ்டி மாத்யூசன் எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் வீரரா, நகைச்சுவை நடிகரா? கப்பலிலிருந்து இறங்கிச் சில ஆண்டுகளே ஆன குடியேறிகள் இதற்கு என்ன சொல்வார்கள்? அந்த மதிப்பெண்களை வைத்து, சில நாடுகளிலிருந்து வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று உளவியலாளர் கார்ல் பிரிகாம் 1923-இல் எழுதினார். 1930-இல் அவரே அந்த முடிவு செல்லாது என்று திரும்பப் பெற்றார். அதற்குள், 1924-இல், அமெரிக்காவின் குடியேற்றக் கதவு பெருமளவு சாத்தப்பட்டிருந்தது.

பட்டமளிப்பு நாளில் ஒரு கேள்வி

இந்த விவகாரத்தைத் தலைகீழாக்கிப் பார்க்கவைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1987-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில், பட்டம் பெற்றவர்களும் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேரைப் படக்கருவிக்கு முன் நிறுத்தி, கோடையும் குளிரும் ஏன் வருகின்றன, நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டார்கள். 21 பேர் தடுமாறினார்கள். தடுமாறினார்கள் என்பதைவிட, தயங்காமல் தவறாகச் சொன்னார்கள் என்பது பொருத்தம். பூமி சூரியனை நெருங்கும்போது கோடை, விலகும்போது குளிர் என்பதே பலரும் தந்த விளக்கம்.

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இவர்களுக்குத் தகவல் பஞ்சம் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தெரியும். பாதை நீள்வட்டம் என்பதும் தெரியும். தெரிந்த அந்த இரண்டையும் ஒட்டித்தான் தவறான விடையைக் கட்டினார்கள். நீள்வட்டம் என்றதும் கண்முன் வருவது பாடநூல் படம். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல வரைவதால் பாதை முட்டையைவிட நீண்டு தெரியும். உண்மையில் பூமியின் பாதையை, நடுப்புள்ளியிலிருந்து நீண்ட பக்கம் 10 செ.மீ. இருக்கும்படி தாளில் வரைந்தால், நீண்ட பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் வரும் வேறுபாடு 0.014 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமன் அதைவிடப் பல மடங்கு. சூரியன் நடுப்புள்ளியிலிருந்து தள்ளியிருப்பதும் 1.7 மி.மீ. மட்டுமே. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரித் தொடக்கத்தில், ஏறத்தாழ 14.71 கோடி கி.மீ. தொலைவில். மிகத் தள்ளிப் போவது சூலைத் தொடக்கத்தில், 15.21 கோடி கி.மீ. வட அரைக்கோளத்துக்குக் கோடை வருவது அந்தத் தள்ளிப்போன மாதங்களில்தான்.

அப்படியானால் காரணம் என்ன? பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. வடக்கே 45 பாகையில் நிற்பவருக்குக் கோடையின் உச்சத்தில் நண்பகல் சூரியன் 68 பாகை உயரத்தில் இருக்கும். குளிரின் ஆழத்தில் 22 பாகைக்குள். கைவிளக்கைத் தரைக்கு நேராகப் பிடித்தால் ஒளி வட்டமாக விழும். சாய்த்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கும். அந்தக் கணக்கில், கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு வரும் வெயில் குளிர்காலத்தைப்போல இரண்டரை மடங்கு. பகல் பொழுதும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீளும். குளிரில் ஒன்பதைத் தொடாது. தொலைவால் வரும் ஏற்ற இறக்கமோ 7 விழுக்காடு மட்டுமே. இவ்வளவும் தெரியாதவர்கூட ஒரு சின்ன உண்மையை வைத்தே அந்தத் தவறான விளக்கத்தை உடைத்திருக்கலாம்: வடக்கே கோடையாக இருக்கும்போது தெற்கே குளிர்காலம். தொலைவுதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அல்லவா சுட வேண்டும்? இந்த உண்மையும் அந்தப் பட்டதாரிகளில் பலருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி எவரும் அவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நிலாவும் அப்படியே. பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்று நம்புகிறவர்கள் ஏராளம். மாலை மூன்று மணிக்கு வானில் ஒரு பக்கம் சூரியனும் இன்னொரு பக்கம் அரை நிலாவும் சேர்ந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் விழும். அப்படி நிற்கும் நிலாவின் மேல் அது எப்படி விழ முடியும்? பார்த்தது ஒரு பெட்டியில், படித்தது இன்னொரு பெட்டியில்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு செய்தியை வைக்கிறேன். 2012-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்திய கணக்கெடுப்பில், பூமி சூரியனைச் சுற்றுகிறதா சூரியன் பூமியைச் சுற்றுகிறதா என்ற கேள்விக்கு நான்கில் ஒருவர் தவறாகச் சொன்னார். உலகமே அதைக் கண்டு சிரித்தது. ஆனால் மீதி மூன்று பேரிடம் 'சரி, பூமிதான் சுற்றுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டால் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? கண்ணுக்குத் தெரிவது சூரியன் நகர்வதுதான். நம்மில் பெரும்பாலோர் அந்த உண்மையைச் சான்று பார்த்து ஏற்கவில்லை, சொன்னதால் ஏற்றோம். கல்வியின் குறைபாடு என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் சுட்டுவேன்: விடை தெரியாதவரைவிட, சரியான துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று மோதவிடாதவர் மோசமாகக் கற்பிக்கப்பட்டவர். முதலாமவரை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். இரண்டாமவருக்குத் தான் தவறு என்பதே தெரியாது. படித்தவர் என்பதால் அவரை யாரும் கேட்பதும் இல்லை.

சுவீடன் மருத்துவரான ஹான்ஸ் ரோஸ்லிங் ஆண்டுக்கணக்கில் காட்டிவந்ததும் ஏறத்தாழ இதுவே. 2017-இல் 14 நாடுகளில் 12,000 பேரிடம் உலக நிலவரம் பற்றி மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 12 கேள்விகள் வைக்கப்பட்டன. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே நான்கு சரியாக வரும். சராசரியாக வந்தது இரண்டு. முந்தைய 20 ஆண்டுகளில் உலகின் கொடிய வறுமை பாதியாகக் குறைந்திருந்தது. அதைச் சரியாகச் சொன்னவர்கள் 7 விழுக்காடு. மருத்துவர்கள், பேராசிரியர்கள், செய்தியாளர்கள் கூடிய அவைகளிலும் அவர் இதே தடுமாற்றத்தைக் கண்டார். தற்செயலைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்க, தெரியாமல் இருந்தால் போதாது. தவறாகத் தெரிந்திருக்க வேண்டும்.

'தேடினால் கிடைக்குமே' என்பவர்களுக்கு

இத்தனையும் சொன்னதால் தகவல்கள் தேவையில்லை என்று ஆகிவிடாது. கையில் கைபேசி இருக்கும்போது எதற்கு மனப்பாடம் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாகவும் ஆட்டம் தெரியாதவர்களாகவும் இருந்த பிள்ளைகளை எளிதாக முந்தினார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் தனியாக எண்ணும் ஒன்று, பெருமளவு பொருளறிவைச் சார்ந்தே இருக்கிறது. எழுதுகிறவர் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. இடைவெளிகளை நிரப்பும் பொறுப்பு வாசகருடையது. நிரப்ப உள்ளே சரக்கு வேண்டும்.

சதுரங்கத்திலும் இதைப் பார்க்கலாம். சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்டத்தில் காய்கள் நின்ற நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக அடுக்கினார்; புதியவர் நான்கு. அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரும் புதியவர் நிலைக்கு இறங்கிவிட்டார். அவருடைய நினைவாற்றல் பொதுவானதாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. உள்ளே சேர்ந்திருந்த ஆட்ட வடிவங்களே அவருடைய கண். தேடுபொறியால் ஒரு தகவலைத் தர முடியும். எதைத் தேட வேண்டும் என்று உறுத்தும் அந்த உணர்வை அதனால் தர முடியாது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் இறக்கிறார்கள் என்று அறிந்தவருக்கு, 'இந்த ஒரு பழக்கம் ஆண்டுதோறும் பத்துக் கோடிப் பேரைக் கொல்கிறது' என்ற வரி கண்ணில் பட்டதும் முள்ளாகக் குத்தும். அறியாதவர் அதை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்.

மறந்தவரும் கற்காதவரும்

நாற்பது வயதில் ஒன்று தெரியவில்லை என்றால் பதினான்கு வயதில் சொல்லித்தரவில்லை என்று பொருளில்லை. பயன்படுத்தாதது போகும். ஆனால் எல்லாம் போவதில்லை. பள்ளியில் ஸ்பானிய மொழி படித்த 733 பேரை 50 ஆண்டு இடைவெளிவரை ஆராய்ந்து உளவியலாளர் ஹாரி பாரிக் 1984-இல் வெளியிட்டார்: முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் அறிவு வேகமாகச் சரிகிறது, பிறகு எஞ்சியது முப்பது ஆண்டுவரை அசையாமல் நிற்கிறது. நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹவுஸ் 1885-இலேயே இன்னொன்றைக் கண்டிருந்தார். மறந்தே போனது என்று தோன்றுவதையும் மறுபடி கற்க, முதல் முறையைவிடக் குறைந்த நேரம் போதும். மறந்தவரையும் கற்காதவரையும் பிரித்தறிய இதுவே வழி. ஒரு சின்னக் குறிப்புக் கொடுங்கள். மறந்தவர் 'ஆமாம், ஆமாம்' என்று மீதியைத் தானே இழுத்துக்கொண்டு வருவார். கற்காதவருக்கு அந்தக் குறிப்பும் இன்னொரு புதுத் தகவலாகவே இருக்கும்.

எனவே 'தெரியாது' என்று கேட்டவுடன், 'என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒலியின் வேகம் தெரியாதவர், மின்னல் வெட்டிச் சற்றுப் பொறுத்து இடி கேட்பதை நினைவுகூர்ந்து 'ஒளியைவிட மெதுவாகத்தான் இருக்கும்' என்று தொடங்கினால் அவருக்கு நல்ல கல்வி வாய்த்திருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்று நீங்கள் சேர்த்துக்கொடுத்தால், இடிக்கும் மின்னலுக்கும் இடையில் மூன்று நொடி போனால் ஒரு கி.மீ. தொலைவு என்று அவரே கணக்குப் போடுவார். அந்த எண் இனி அவரைவிட்டுப் போகாது. அடுத்த கேள்வி, 'நீங்கள் சொல்வது சரியென்றால் வேறு என்ன நடக்க வேண்டும்?' ஹார்வர்டில் இது ஒன்று கேட்கப்பட்டிருந்தால், தென் அரைக்கோளம் பலருக்கு அங்கேயே நினைவுக்கு வந்திருக்கும். எப்போது கேட்டாலும் குரலில் 'கூட' வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒருமுறை கூசிப்போனவர் அடுத்த முறை தெரிந்ததுபோலத் தலையாட்டுவார். அப்புறம் அவருடைய ஓட்டை எங்கே என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்கோ தனக்கோ ஓட்டைகளை அடைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பட்டியலில் விழுகிறார்கள். இருநூறு தலைநகரங்கள் அகரவரிசையில். ஒன்றோடொன்று ஒட்டாத தகவல் ஒரு மாதம் தாங்காது. அதைவிட, ஒரு வெற்று வரைபடத்தை எடுத்துக் கடல்கள், பெரிய ஆறுகள், மலைத்தொடர்கள், பிறகு நாடுகள் என்று நினைவிலிருந்து நிரப்புவது மேல். ஆறு இருக்கும் இடத்தைப் பார்த்தால் நகரம் ஏன் அங்கே வந்தது என்று புரியும். அளவுகோலாக ஒரு பத்துப் பன்னிரண்டு எண்கள் போதும்: பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ., நிலாவின் தொலைவு 3,84,000 கி.மீ., பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு, மக்கள்தொகை 800 கோடிக்குச் சற்று மேல் என்பதுபோல. திரும்பத் திரும்ப வாசிப்பது பழகிய உணர்வைத் தரும், அறிவைத் தராது. ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது. மறுவாசிப்புக்குப் பதிலாகப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் வினாத்தாள் இதற்கு ஈடாகாது. அது அடையாளம் காண்பதைத்தான் சோதிக்கிறது.

எடிசனின் கிரீன்லாந்துக் கேள்விக்கு ஒரு பூகோள உருண்டையும் மெல்லிய தாளும் போதும். தாளைக் கிரீன்லாந்தின் மேல் வைத்து விளிம்பை வரைந்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய துண்டை ஆஸ்திரேலியாவின் மேல் வைக்கட்டும். சுற்றிலும் இடம் மிஞ்சியிருக்கும். அப்போது சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைக் காட்டி, 'அப்படியென்றால் இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று பிள்ளையே கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நேரம் ஒரு நாள் ஆகும்.